கோவாவின் நிற்காத பாட்டு

உத்திரமேரூரில் மனிதன், மாடு, சாமி மூன்றையும் கதிகலங்க வைத்த ஒரே ஆள் கோவாதான். ஏரி உடையப் போகிறது என்று யாராவது புரளி கிளப்பினால்கூட ஊரில் பாதிப் பேர் "பாக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். கோவா ஆம்பிளிஃபயரைப் போட்டால் போதும், பிள்ளைகளை வாரிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள்.

அதில் முதலில் சாத்தப்படும் கதவு என்னுடையது. பயம் எனக்குப் பிறவிச் சொத்து. பல்லி கத்தினால் பயம், கத்தாவிட்டால் ஏன் இன்னும் கத்தவில்லை என்று பயம். தொண்ணூறுகளின் கடைசியில் நான் உத்திரமேரூரில் ஒரு உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறைக்கும் கோவாவின் மைக் செட் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தத் தகரம் பட்ட பாட்டை நான் பட்டிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட "கோவா, சர்க்கரை வந்துட்ச்சி" என்றுதான் கூப்பிடுவார்கள். கோவாவில் ஒரு கடற்கரை ஓட்டலில் ஏழெட்டு வருஷம் மீன் கழுவினவர். அங்கே வெள்ளைக்காரர்கள் மணலில் விடிய விடிய ஆடுவார்களாம். அந்த ஆட்டத்துக்கு ஒரு நாள் ஸ்பீக்கர் தூக்கப் போனவர், அதோடு மீனை மறந்துவிட்டார். ஊர் திரும்பும்போது சம்பாதித்துக்கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட்டும், இருட்டில் மின்னுகிற ஒரு பெரிய துணியும். துணியில் ஒரு காளான், காளானுக்கு நடுவே ஒரு கண். அதைக் கடையின் பின்சுவரில் மாட்டினார். அந்தக் கண் தன் வீட்டு அடுப்படியையே பார்க்கிறது என்று எதிர்வீட்டு அம்மாளுக்கு நடுக்கம். எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் வந்து அதற்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார்.

பாட்டு என்றா சொல்வது அதை? தும் தும் தும் தும். அதற்கு மேல் ஏதோ ஒன்று நெளியும், கொதிக்கும். தூரத்தில் யாரையோ கிள்ளுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பல்லவி கிடையாது, சரணம் கிடையாது. குடிவந்த முதல் நாளே நான் தகரத்தைத் தட்டிக் கேட்டேன்.

"அண்ணா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சி அரை மணி ஆவுது நைனா."

"பாடறவர் எங்கண்ணா?"

"பாடறவன் கெடையாது. இருந்தா மூச்சு வாங்குவான், நடுவுல நிறுத்துவான். இது நிக்காது."

"அப்ப எப்பதான் முடியும்?"

"முடியறதுக்குள்ள அடுத்தது வந்துடும். நடுவுல கேப்பே வுட மாட்டான். அதான் இதுல விசேஷம்."

அன்று நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். பஞ்சு வழியாகவும் அது வந்தது. கட்டில் கால் வழியாகவும் வந்தது.

கேசட்டுகளை அவர் நெல் மாதிரி ரகம் பிரித்து வைத்திருந்தார். விடியக்கால ரகத்தில் கொஞ்சம் இனிப்பு உண்டு, நடுநடுவே புல்லாங்குழல் மாதிரி ஏதோ எட்டிப் பார்க்கும். மத்தியான ரகம் நெஞ்சில் குத்தும், ஆனால் சிரித்துக்கொண்டே குத்தும். மூன்றாவது காட்டு ரகம். அதைப் பற்றிப் பேசும்போது கோவாவே குரலைத் தாழ்த்துவார். அந்தக் கேசட்டுகளுக்குத் தனியாக ஒரு பெரிய பிஸ்கட் டின், டின்னுக்கு மேல் ஒரு கொத்து வேப்பிலை. "அத்த காட்டுக்குள்ளதான் போடணும் நைனா. ஊருக்குள்ள போட்டா மன்சன் தாங்க மாட்டான். எனக்கே பேஜாரா பூடும்" என்பார். இப்போது என் மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இதையேதான் கேட்கிறாள். கோவா டிரான்ஸ்தான் மூத்ததாம், சைகடெலிக் டிரான்ஸ் அதன் பிள்ளையாம், ஃபுல் ஆன், டார்க், ஃபாரஸ்ட் எல்லாம் பேரப்பிள்ளைகளாம். இத்தனை வருஷம் கழித்தும் உலகம் முழுக்க ஆடுகிறார்களாம். வம்சம் தழைக்கட்டும். எனக்குக் கேட்பதெல்லாம் அந்தத் தகரம் அதிர்கிற சத்தம்தான்.

மைக் செட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் முருகன், அம்மன், அப்புறம்தான் சினிமா. கோவா பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு நேரே கடற்கரைக்குப் போய்விடுவார். அதனால் முகூர்த்த சீசனில் வேறு செட் கிடைக்காதவர்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இவரிடம் வருவார்கள். அப்படி வந்த ஒரு விவசாயி வீட்டுக் காதுகுத்தில் மத்தியான ரகத்தைப் போட்டார். குழந்தை மாமன் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். தும் தும் தும் தும். ஆசாரியின் கை அதோடு சேர்ந்துகொண்டது. குழந்தை அழ வாயைத் திறப்பதற்குள் இரண்டு காதும் முடிந்தது. கை நிற்கவில்லை. ஆசாரியின் பார்வை மெல்ல மாமன் காதின் மேல் போய் விழுந்தது. மாமன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குள் ஓடியவர், சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

வாலாஜாபாத் பக்கம் ஒரு சாவு வீடு. அங்கே நடந்தது இதைவிட மோசம். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு, செட்டு நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். செட்டு நிற்கவில்லை. வாயைத் திறப்பதும் மூடுவதுமாக அரை மணி போனது. கடைசியில் அவர்களில் மூத்த அம்மாள் எழுந்து வந்தார்.

"யப்பா, கொஞ்சம் எடம் வுடுப்பா. செத்தவருக்கு நாங்களும் ஏதாச்சும் சொல்லணுமில்ல."

"இருங்கம்மா, எடம் வரும்."

"எப்ப வரும்?"

கோவா நிஜமாகவே யோசித்தார். "இந்தப் பக்கம் முடிஞ்சா கேசட்ட திருப்பணும். அப்ப அய்துக்குங்க."

கேசட்டைத் திருப்புகிற அந்த நேரத்துக்குள் மொத்தக் கூட்டமும் ஒரே மூச்சில் அழுது முடித்ததாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நேரத்தில் கோவாவின் முகத்தை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்திருக்கிறேன், கடையில். கேசட் நின்றதும் முகம் வெளுக்கும். திருப்பிப் போட்டு, முதல் தும் வந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

ஆமாம், ஊரையே பயமுறுத்தியவருக்கு ஒரு பயம் இருந்தது. சத்தம் நின்றால் பயம். கரண்ட் போனால் ஊரில் எல்லோரும் விசிறியைத் தேடுவார்கள், கோவா என்னைத் தேடுவார். பட்டப்பகலில், உரக்கடைக்குள் மூட்டைகளைத் தாண்டி ஓடி வருவார்.

"நைனா, ஏதாச்சும் பேசு."

"என்ன பேசறதுண்ணா?"

"எத்தையாச்சும் பேசு. நிறுத்தாத பேசு. கடையில இன்னா இன்னா கீது, சொல்லு."

எனக்கு வாயில் வருவது ஒன்றுதான். யூரியா, டிஏபி, பொட்டாஷ், ஜிப்சம், துத்தநாக சல்பேட், வேப்பம் புண்ணாக்கு. முடிந்ததும் மறுபடியும் யூரியா. கரண்ட் வரும்வரை நான் மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டிருப்பேன், அவர் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வந்த விவசாயிகள் பயந்துபோய் எதிர்க்கடைக்குப் போய்விட்டதாக முதலாளி என்னைத் திட்டியதும் உண்டு.

அப்படி ஒரு மத்தியானம்தான் அவர் தானாகச் சொன்னார்.

"சின்னப் புள்ளையில கெணத்துல வியிந்துட்டேன் நைனா. பாழுங்கெணறு. தண்ணி இடுப்பு மட்டும்தான். கத்தனேன், யாருக்கும் கேக்கல. பக்கத்துக் கயனில ஆயில் இன்ஜின் ஓடிக்கினு இருந்திச்சி. தும் தும் தும் தும். அது ஓடற வரிக்கும் மேல ஒரு ஆளு கீறான்னு அர்த்தம். எப்பனா வந்து எட்டிப் பாப்பான்னு அத்தயே கேட்டுக்கினு நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்ஜின் நின்னுட்ச்சி."

நான் வாயடைத்துப் போனேன். அவர் உடனே பதறினார். "நிறுத்தாத நைனா, யூரியா சொல்லு."

கரண்ட் வந்து தகரம் அதிர ஆரம்பித்த பிறகு வேட்டியைத் தட்டிக்கொண்டே மீதியைச் சொன்னார். "விடிஞ்சப்பறம்தான் ஆளு வந்து தூக்கனாங்க. கோவாவுல மொத தபா இந்தப் பாட்டக் கேட்டப்ப, மீன் கையோட நின்னு அய்தேன் நைனா. அட, நம்ம இன்ஜின்காரன் திரும்பி வந்துட்டான்டான்னு." அன்றிலிருந்து நான் பஞ்சு வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டேன். பயம் மட்டும் நிற்கவில்லை.

இப்போது என் தலையில் விழுந்த இடிக்கு வருகிறேன். சின்ன வயதில் எனக்கு மஞ்சள் காமாலை முற்றியபோது, பிள்ளை பிழைத்தால் தீ மிதிப்பான் என்று அம்மா திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மிதிக்க வேண்டியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அம்மா பிறந்த ஊர். அங்கே வருஷா வருஷம் கோடையில் பாரதம் படித்து, கூத்து நடத்தி, கடைசி நாள் தீ மிதிப்பார்கள். நானும் வருஷா வருஷம் வயிற்றுப்போக்கு, ஸ்டாக் எடுப்பு, முதலாளி வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"நீ மிதிக்காட்டி போ. வேண்டிக்கினவ நானு. நான் மிதிக்கிறேன்."

அம்மாவுக்குச் சர்க்கரை. வலது பாதத்தில் ஒரு புண், மாதக்கணக்காக ஆறாமல் கட்டுப் போட்டபடி இருந்தது. அந்தக் காலை நெருப்பில் வைத்தால் அப்புறம் கால் இருக்காது. சொன்னால் செய்கிற பொம்பளை. வேறு வழியில்லாமல் போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். கட்டின பிறகுதான் பூசாரி சாவகாசமாகச் சொன்னார், காப்புக் கட்டினவன் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்று. கடைசி பஸ்ஸில் நழுவிவிடலாம் என்று எனக்கு இருந்த ஒரு ஆறுதலும் அதோடு போனது.

மஞ்சள் வேட்டியோடு கோயிலுக்கு வெளியே வந்தால், புளியமரத்தில் ஹாரன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார் கோவா. அந்த ஊருக்கும் வேறு செட் கிடைக்கவில்லை.

"இன்னா நைனா, நீயா? பயமா கீதா?"

"செத்துடுவேன்ணா."

"எனக்கும் பயமா கீது."

"உங்களுக்கென்ன பயம், நீங்க மிதிக்கலையே."

"பாக்கணுமில்ல" என்றார்.

தீ மிதி நாள் வந்தது. காலையில் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்து, கூத்தில் பீமன் அவன் தொடையைப் பிளந்து முடித்தான். மத்தியானமே விறகை அடுக்கிக் கொளுத்திவிட்டார்கள். சாயங்காலம் ஆவதற்குள் அது அடங்கி, செக்கச்செவேலென்று ஒரு குழியாகக் கிடந்தது. தள்ளி நின்றாலும் முகம் சுட்டது. அம்மா எனக்குப் பின்னால் நின்றாள், காலில் கட்டோடு.

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. ஏரிக்கரையில் இருந்து கரகம் புறப்பட்டதில் இருந்து கடைசி ஆள் நெருப்பைத் தாண்டும்வரை பம்பை மேளம் நிற்கவே கூடாது. நின்றால் அம்மன் மலையேறிவிடுவாள். அதன் பிறகு நெருப்பு வெறும் நெருப்பாகத்தான் இருக்கும். பூசாரி இதை எனக்குக் காலையில் இருந்து நாலைந்து தடவை சொல்லிவிட்டார், தைரியம் கொடுக்கிறாராம்.

கரகம் ஏரிக்கரையை விட்டுக் கிளம்பிய நேரத்தில் கோடை மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. நெருப்பை அது ஒன்றும் செய்யவில்லை, பம்பைத் தோலைத்தான் நனைத்துத் தொங்கப் போட்டது. தொப்பு தொப்பு என்று ஈரத் துணி அடிக்கிற சத்தம்தான் வந்தது. சூடு காட்டினால் தோல் இறுகும், அதற்கு நேரம் வேண்டும். கிளம்பிய கரகத்தை நடுவழியில் நிறுத்தவும் முடியாது. நாட்டாமை மைக் செட் பக்கம் ஓடி வந்தார்.

"யோவ், பம்பைக் கேசட்டு இருந்தா போடுய்யா."

"எங்கிட்ட கோவாதான் கீது."

"அந்தப் பேய்ப்பாட்டா? அம்மன் ஓடிப்பூடும்யா."

பம்பை இழுத்துக்கொண்டு சாகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மாதான் கேட்டாள். "ஏம்பா, உன் பாட்டு நிக்காம அடிக்குமா?"

"அது ஒண்ணுதான்மா அதுக்குத் தெரியும்."

"அப்ப போடு."

"அண்ணா, காட்டு ரகமா?" என்று கேட்டேன்.

"சீச்சீ. விடியக்கால ரகம் நைனா, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

தும் தும் தும் தும். தெருமுனையில் கரகம் ஏந்தி வந்த பூசாரியின் கால் ஒரு தரம் தடுமாறியது. மறு அடியில் பிடித்துக்கொண்டது. வேப்பிலைக் கொத்தோடு நின்ற பெண்களின் தலை ஆட ஆரம்பித்தது. பம்பைக்காரர்களே ஈரத்தோலில் கூடச் சேர்ந்து தட்டினார்கள். பூசாரி நெருப்பில் இறங்கி மறுகரை ஏறினார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். வரிசை நகர்ந்தது. ஐயோ, வேகமாக நகர்ந்தது. புல்லாங்குழல் எட்டிப் பார்க்கிற இடத்தில் நான் குழியின் விளிம்புக்கு வந்து நின்றேன்.

டிரான்ஸ்பார்மர் டப்பென்று வெடித்தது. கரண்ட் போய்விட்டது. வெடித்த அதிர்ச்சியில் பம்பைக்காரர்களின் கையும் நின்றுவிட்டது.

அவ்வளவு பெரிய கூட்டத்தில் நெருப்பு சடசடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பூசாரி சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. வெறும் நெருப்பு. கால் பின்னால் போனது. முதுகில் ஒரு கை பட்டது. "நவுருடா, நான் போறேன்" என்றாள் அம்மா. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிவிட்டாள். அந்தக் கட்டுக்கால் என்னைத் தாண்டி முன்னால் வந்தது.

அப்போது எதிர்க்கரையில் இருந்து வந்தது சத்தம். டங் டங் டங் டங்.

கோவா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் காட்டு ரகப் பிஸ்கட் டின். உள்ளே இருந்த கேசட்டுகள் எல்லாம் காலடியில் சேற்றில் கிடந்தன. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்தக் காலி டின்னை அடித்தார், வாய் கூடவே தும் தும் தும் தும் என்றது. ஒரு அடி முன்னே பின்னே போகவில்லை. கரண்ட் போனால் என்னைத் தேடி ஓடி வருகிற மனிதர், அன்று ஓடவில்லை.

நான் அம்மாவைப் பின்னால் தள்ளிவிட்டு இறங்கினேன். நெருப்பைப் பார்க்கவில்லை. டின்னைப் பார்த்தேன். டின் அடிக்கும்போது ஒரு கால், டின் அடிக்கும்போது இன்னொரு கால். சுட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மறுகரையில் பால் ஊற்றி வைத்திருந்த பள்ளத்தில் கால் விழுந்தபோதுதான், நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கோவா கண்களை இறுக்க மூடியிருந்தார். கன்னத்தில் வழிந்தது மழைத்தண்ணீர் இல்லை. உடம்பு மொத்தமும் உதறியது, கை மட்டும் தவறவில்லை.

"அண்ணா, நான் வந்துட்டேன்."

"பின்னால ஆளு கீதா?"

"இருக்காங்க."

"அப்ப பேசாத."

கடைசி ஆள் ஏறும்வரை அடித்தார். ஏறிய பிறகும் அடித்தார். பூசாரி வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. டின் நின்றது, சுற்றிலும் கப்சிப்பென்று ஆனது. கோவா கண்ணைத் திறந்தார். கிணற்றுக்குள் இருந்து பார்க்கிற பார்வை அது. என் கையைப் பிடித்தார், வலித்தது. நான் மஞ்சள் வேட்டியும் பால் காலுமாக, ஊர் பார்க்க, ஆரம்பித்தேன். யூரியா. டிஏபி. பொட்டாஷ். ஜிப்சம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளை மேல் அம்மன் வந்துவிட்டாள் என்று யாரோ சொல்ல, என் நெற்றியில் விபூதி பூசினார்கள். நான் நிறுத்தவில்லை.

சில வருஷத்தில் சிடி வந்தது, பிறகு செல்போன் வந்தது, மைக் செட் கடை மூடியது. எனக்கும் வேலை மாறியது. கோவா திரும்பவும் கோவாவுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். தேடிப் பார்த்தேன், நிஜப் பெயர் தெரியாத ஆளை எங்கே தேடுவது? அம்மா கடைசிவரை இரண்டு காலோடும் இருந்தாள்.

போன மாதம் எனக்கு முதுகுத்தண்டில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு குழாய்க்குள் ஆளைத் தள்ளி, அசையாதே என்கிறார்கள். பழைய பயம் அப்படியே இருந்தது. பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று அந்தப் பெண் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். கதவு மூடியது, இயந்திரம் ஆரம்பித்தது. தும் தும் தும் தும். அதற்கு மேல் ஏதோ நெளிந்தது, கொதித்தது, யாரையோ கிள்ளியது. அசல் காட்டு ரகம். நான் பந்தை விட்டுவிட்டேன்.

நடுவில் இயந்திரம் சற்று நின்றது. என் வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. மைக்கில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"சார், என்ன யூரியா, பொட்டாஷ்னு சொல்லிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எங்க அண்ணா ஒருத்தர், சத்தம் நின்னா பயப்படுவார்."